லூயிஸா, அலியா, உசிக்கா? வெவ்வேறு காலத்துச் சாம்பியன்களை ஒப்பிடுவது எப்படி

2025 ஜூலை 19 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில், ஐந்தாவது ரவுண்டில் டேனியல் டூபுவாவை வீழ்த்தி, ஹெவிவெயிட் பட்டங்கள் நான்கையும் மீண்டும் ஒருசேரக் கைப்பற்றினார் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக். அதுவரை ஆடிய 24 தொழில்முறைப் போட்டிகளிலும் அவருக்கு வெற்றிதான். இப்படி ஒருவர் தோல்வியே காணாமல் போகும்போதெல்லாம் பழைய கேள்வி திரும்ப வருகிறது. இவர் முகமது அலியை வெல்வாரா? ஜோ லூயிஸுக்கு முன்னால் எத்தனை ரவுண்டு நிற்பார்? 49 போட்டிகளில் தோற்காத ராக்கி மார்சியானோ பெரியவரா, இவரா?

இந்த வாதம் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் "மோதினால் யார் ஜெயிப்பார்" என்று கேட்கிறார். எதிரே இருப்பவர் "யார் அதிகம் சாதித்தார்" என்று பதில் சொல்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். அதற்கும் மேலே, எந்த விதிப்படி மோதல் என்பதை இருவருமே சொல்வதில்லை. குத்துச்சண்டையில் விதி மாறினால் சாம்பியனே மாறிவிடுவார். இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. நடந்த சண்டைகளை வைத்தே காட்ட முடியும்.

'சாம்பியன்' என்ற சொல் சுருங்கிய கதை

முதலில் பட்டங்களின் எண்ணிக்கை. 1930-களில் புழக்கத்தில் இருந்த எடைப் பிரிவுகள் எட்டு. பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு சாம்பியன். ஆக, எந்த நேரத்திலும் உலகத்தில் எட்டுப் பத்துப் பேர்தான் தங்களைச் சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

இன்று பிரிவுகள் 17. டபிள்யூபிசி 2020-ல் உருவாக்கிய பிரிட்ஜர்வெயிட்டையும் எண்ணினால் 18. பட்டம் கொடுக்கும் அமைப்புகளும் பெருகிவிட்டன. டபிள்யூபிஏ, 1963-ல் தொடங்கிய டபிள்யூபிசி, 1983-ல் ஐபிஎஃப், 1988-ல் டபிள்யூபிஓ என முக்கியமானவை நான்கு. பதினேழை நான்கால் பெருக்கினால் 68 பெல்ட்டுகள். 'சூப்பர்', 'இடைக்கால' என்ற அடைமொழிப் பட்டங்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938-ல் செய்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபெதர்வெயிட், வெல்டர்வெயிட், லைட்வெயிட் ஆகிய மூன்று பட்டங்களையும் அவர் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். உலகத்தில் இருந்த எட்டில் மூன்று ஒரே மனிதரிடம். 1940-ல் மிடில்வெயிட் பட்டத்துக்கும் போனார். அந்தச் சண்டை டிராவில் முடிந்தது. மேனி பக்கியாவ் எட்டுப் பிரிவுகளில் பட்டம் வென்றது தன்னளவில் பெரிய சாதனை. ஆனால் எட்டு, மூன்று என்ற எண்களை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு எட்டுதான் பெரிது என்று முடிவுகட்டினால் அது கணக்குப் பிழை.

ஹெவிவெயிட் என்றால் எத்தனை கிலோ?

ஹெவிவெயிட் பிரிவுக்கு மேல் எல்லை கிடையாது, கீழ் எல்லை மட்டும்தான் உண்டு. நெடுங்காலம் அது 175 பவுண்டாக, அதாவது 79.4 கிலோவாக இருந்தது. அதற்கு ஒரு பவுண்டு கூடினாலும் ஹெவிவெயிட். 1979-ல் டபிள்யூபிசி குரூசர்வெயிட் என்ற புதுப் பிரிவைச் செருகியது. தொடக்கத்தில் அதன் மேல் எல்லை 190 பவுண்டு. பின்னால் 200 பவுண்டாக, 90.7 கிலோவாக உயர்ந்தது. ஆகவே இன்று ஹெவிவெயிட் என்றால் 90.7 கிலோவுக்கு மேல்.

இந்த அளவுகோலைப் பழைய சாம்பியன்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். 1952-ல் பட்டம் வென்ற அன்று மார்சியானோவின் எடை 83.5 கிலோ. 1919-ல் ஜெஸ் வில்லார்டைச் சாய்த்த ஜாக் டெம்ப்சி 85 கிலோவுக்குச் சற்றே குறைவு. 1941-ல் பில்லி கானை எதிர்கொண்ட ஜோ லூயிஸ் 90.5 கிலோ. மூவருமே இன்றைய கணக்கில் குரூசர்வெயிட்காரர்கள். 1964-ல் சோனி லிஸ்டனை வென்ற அலி 95.5 கிலோ, அவர் மட்டும் எல்லையைத் தாண்டுகிறார். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியை வென்ற இரவு உசிக் 101 கிலோ, ஃபியூரி 119 கிலோ.

எனவே "மார்சியானோ ஃபியூரியை அடிப்பாரா" என்பது ஆட்டத்திறன் பற்றிய கேள்வியாக ஆவதற்கு முன்பே, 35 கிலோ வித்தியாசத்தை என்ன செய்வது என்ற கேள்வியாகிவிடுகிறது. டெம்ப்சி 111 கிலோ வில்லார்டைப் பந்தாடினாரே என்பார்கள். உண்மை, பந்தாடினார். ஆனால் அந்தச் சண்டையை விதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைக் கீழே பார்ப்போம்.

கீழ்ப் பிரிவுகளில் எடைச் சிக்கல் வேறு விதமானது. முன்பு சண்டை நடக்கும் நாளிலேயே எடை பார்ப்பார்கள். இன்று முதல் நாளே பார்த்துவிடுகிறார்கள். உடம்பிலிருந்து நீரை வற்றவைத்துத் தராசில் ஏறி, மறுநாள் மாலைக்குள் உண்டும் குடித்தும் பல கிலோ ஏற்றிக்கொண்டு ரிங்குக்கு வரலாம். 2000 பிப்ரவரியில் ஆர்ட்டுரோ காட்டி 141 பவுண்டு எல்லைக்குள் எடை காட்டிவிட்டு, மறுநாள் இரவு ஜோயி கமாஷை எதிர்கொண்டபோது 160 பவுண்டு இருந்தார். ஏறக்குறைய எட்டரைக் கிலோ. இரண்டாவது ரவுண்டிலேயே சண்டை முடிந்தது. இன்றைய 'லைட்வெயிட்' என்பது தராசுப் பலகையில் நிற்கும் சில நொடிகளின் எடை. 1940-களின் லைட்வெயிட் சண்டை போட்ட எடை.

13-வது ரவுண்டு

விதி மாறினால் சாம்பியன் மாறுவார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ரவுண்டுகளின் கணக்கு காலப்போக்கில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வெறுங்கை காலத்தில் ஒருவர் கீழே விழுந்தால்தான் ரவுண்டு முடியும். அப்படித்தான் 1889-ல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் மிசிசிப்பி மாநிலத்து ஜூலை வெயிலில் 75 ரவுண்டு ஆடினார்கள். 1915-ல் ஹவானாவில் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த சண்டை 45 ரவுண்டுக்குப் பேசப்பட்டது, 26-வதில் முடிந்தது. பிறகு 15 ரவுண்டு என்பது நிலைபெற்றது.

1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகஸில் தென்கொரியாவின் கிம் டுக் கூ, ரே மன்சினியிடம் 14-வது ரவுண்டில் வீழ்ந்தார். சில நாள்களில் மூளைக் காயத்தால் இறந்துபோனார். வயது 20-களில்தான். அந்த மரணத்தை அடுத்து டபிள்யூபிசி தன் பட்டப் போட்டிகளை 12 ரவுண்டாகக் குறைத்தது. 1980-கள் முடிவதற்குள் மற்ற அமைப்புகளும் அதே வழிக்கு வந்தன. உயிர் காக்க எடுத்த முடிவு, சரியான முடிவு. ஆனால் அந்த மூன்று ரவுண்டை எடுத்தவுடன் கடந்த கால வரலாற்றுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

1. *1941 ஜூன் 18, நியூயார்க், போலோ கிரவுண்ட்ஸ்.* சாம்பியன் ஜோ லூயிஸ். சவால் விட்டவர் பில்லி கான். கான் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை விட்டுவிட்டு மேலே வந்தவர், எடை 79 கிலோவுக்கும் குறைவு. 12 ரவுண்டு முடிந்தபோது, மதிப்பெண் போட்ட மூன்று பேரின் அட்டைகளில் இரண்டில் கான் முன்னணி, ஒன்றில் சமம். மீதி மூன்று ரவுண்டை நகர்ந்து நகர்ந்து ஓட்டியிருந்தால் பட்டம் அவருக்குத்தான். அவருடைய மூலையில் இருந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். கான் கேட்கவில்லை, லூயிஸை வீழ்த்தியே தீருவேன் என்று 13-வது ரவுண்டில் நெருங்கிப் போனார். நெருக்கத்தில் சண்டை போட லூயிஸுக்கு இணையாக யாரும் இல்லை. ரவுண்டு முடிய 2 நொடி இருக்கும்போது, விழுந்து கிடந்த கானை நடுவர் பத்து வரை எண்ணி முடித்தார்.

2. *1952 ஜூன் 25, நியூயார்க், யாங்கி ஸ்டேடியம்.* மிடில்வெயிட் சாம்பியன் சுகர் ரே ராபின்சன், லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமுக்குச் சவால் விட்டார். ரிங் பக்கத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ். பத்தாவது ரவுண்டோடு நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் புழுக்கம் தாங்காமல் வெளியேறி, வேறு நடுவர் ஏறினார். தன்னைவிட 7 கிலோ கூடுதலான மாக்சிமை ராபின்சன் எல்லா அட்டையிலும் முந்திக்கொண்டிருந்தார். 13-வது ரவுண்டில் கால் நிற்கவில்லை. வீசிய குத்து காற்றில் போக, அந்த வேகத்திலேயே தானாக விழுந்தார். 14-வதுக்கு மணி அடித்தபோது ஸ்டூலிலிருந்து எழ முடியவில்லை. 200 சண்டை அளவுக்கு ஆடிய அவர், அடி தாங்காமல் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரே சந்தர்ப்பமாக ஏட்டில் இருப்பது இது. அன்று அவரை வீழ்த்தியது வெப்பம்.

3. *1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா.* சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட், வயது 38. எதிரே மார்சியானோ. முதல் ரவுண்டிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் வீழ்ச்சி. 12 ரவுண்டு முடிவில் மூன்று அட்டையிலும் வால்காட் முன்னணி. 13-வது ரவுண்டின் 43-வது நொடி. கயிற்றோரம் இருவரும் ஒரே நேரத்தில் வலது கையை எடுத்தார்கள். மார்சியானோவின் கை ஓர் இமைப்பொழுது முந்தியது. வால்காட் ஒரு கை கயிற்றில் மாட்டியபடியே சரிந்தார்.

இன்றைய 12 ரவுண்டு விதியை இந்த மூன்று இரவுகளுக்கும் பொருத்துங்கள். கான் ஹெவிவெயிட் சாம்பியன். லூயிஸ் தொடர்ச்சியாக 25 முறை பட்டத்தைத் தக்கவைத்த சாதனை 1941-லேயே அறுந்துபோகிறது. ராபின்சன் மூன்றாவது எடைப் பிரிவிலும் சாம்பியன். மார்சியானோவின் 49-0 பிறக்கவே இல்லை. அன்று அவர் தோற்றுப்போன சவாலாளர்.

அதற்காக அந்த மூவரின் முடிவும் தற்செயல் என்று சொல்ல முடியாது. லூயிஸும் மார்சியானோவும் 15 ரவுண்டு இருப்பதை அறிந்து அதற்கேற்ற மூச்சை வைத்திருந்தவர்கள். 12 தான் என்று தெரிந்திருந்தால் 10-வது ரவுண்டிலேயே வேறு மாதிரி ஆடியிருப்பார்கள். விதி முடிவை மாற்றுகிறது. முடிவுக்கு முன்பே ஆட்டக்காரரை வடிவமைக்கிறது. 15 ரவுண்டுக்கு வளர்ந்த உடம்பை 12 ரவுண்டுக்கு வளர்ந்த உடம்போடு நேராக மோதவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

கையுறையும் நடுநிலை மூலையும்

ரவுண்டு தவிர, முடிவை நேரடியாகத் தொடும் விதிகள் இரண்டு.

1. *கையுறை எடை.* டெம்ப்சி காலத்தில் 5 அவுன்ஸ், லூயிஸ் காலத்தில் 6 அவுன்ஸ். இன்று ஹெவிவெயிட்டுக்கு 10 அவுன்ஸ். பெரிய கையுறை இரண்டு வேலை செய்கிறது. குத்தைப் பஞ்சு பரப்பி வாங்கிக்கொள்கிறது. முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தால் கேடயமாகிறது. பழைய படங்களில் பலரும் கையைத் தாழ்த்தி, தலையை அசைத்து, எதிராளியின் குத்தை உள்ளங்கையால் தட்டிவிடுவதைப் பார்க்கலாம். அவர்களுக்குத் தற்காப்பு தெரியாது என்று அர்த்தமில்லை. சின்னக் கையுறைக்குப் பின்னால் ஒளிய இடமில்லை, அவ்வளவுதான்.

2. *நடுநிலை மூலை.* எதிராளி விழுந்தால் தூரத்து மூலைக்குப் போய் நின்ற பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும் என்ற விதி. 1919-ல் டெம்ப்சி வில்லார்டை முதல் ரவுண்டில் ஏழு முறை வீழ்த்தியபோது அது நடைமுறையில் இல்லை. விழுந்தவர் அருகிலேயே நின்று, அவர் முழங்காலை நிமிர்த்திய நொடியில் மறுபடி அடித்தார். 1927-ல் ஷிகாகோவில் அதே டெம்ப்சி, ஜீன் டன்னியை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தினார். இப்போது விதி வந்துவிட்டது. பழக்கதோஷம், மூலைக்குப் போகாமல் நின்றார். நடுவர் எண்ணத் தொடங்கத் தாமதமானது. டன்னி எண்ணிக்கை ஒன்பதில் எழுந்தபோது உண்மையில் ஏறக்குறைய 14 நொடி ஓடியிருந்தது. டன்னி பட்டத்தைத் தக்கவைத்தார்.

பழைய படச்சுருள் ஏன் ஏமாற்றுகிறது

யூடியூபில் டெம்ப்சியையோ ஜாக் ஜான்சனையோ பார்ப்பவர்கள் உடனே சொல்வது: "இவர்களா சாம்பியன்? பொம்மை மாதிரி துள்ளுகிறார்களே." மவுனப் பட காலத்தில் கையால் சுழற்றிப் படமெடுத்தார்கள். நொடிக்கு 16 சட்டம் (ஃபிரேம்) அளவில் எடுத்ததை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் எந்த மனிதரும் வெட்டி வெட்டித்தான் நகர்வார். கால் எங்கே ஊன்றுகிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது என்பதெல்லாம் அந்த வேகத்தில் மறைந்துவிடுகிறது. வேகத்தைச் சரிசெய்த பிரதிகளைப் பார்த்தால் ஜான்சனின் தற்காப்பு எவ்வளவு நிதானமானது என்பது தெரியும்.

இருக்கும் படமே குறைவு என்பதும் உண்டு. 1910-ல் கறுப்பரான ஜான்சன், வெள்ளையரின் நம்பிக்கையாக நிறுத்தப்பட்ட ஜேம்ஸ் ஜெஃப்ரிஸை ரீனோ நகரில் வீழ்த்தினார். ஊர் ஊராகக் கலவரம் வெடித்தது. 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே அமெரிக்கக் காங்கிரஸ் தடை போட்டது. அந்தச் சட்டம் 1940 வரை நீடித்தது. ஜீன் டன்னிக்கு அவர் தொழில்முறை வாழ்க்கையின் ஒரே தோல்வியைக் கொடுத்த ஹாரி கிரெப், 300 சண்டை அளவுக்கு ஆடியவர். அவர் சண்டை போடும் ஒரு படச்சுருள்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அன்றைய செய்தித்தாள் எழுத்து மட்டுமே.

49-0, 50-0: எண்கள் எதை மறைக்கின்றன

மார்சியானோவின் 49-0 சாதனையைத் தாண்டி 2017-ல் 50-0 தொட்டார் ஃபிளாய்ட் மேவெதர். அந்த ஐம்பதாவது வெற்றி, அன்றுதான் முதன்முறையாகத் தொழில்முறைக் குத்துச்சண்டை ரிங்கில் ஏறிய கானர் மெக்கிரெகருக்கு எதிரானது. மேவெதரின் திறமையில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் ஐம்பது என்ற எண் அவர் திறமைக்குச் சான்றல்ல.

மறுபக்கம் ராபின்சன். 1951 ஜூலையில் லண்டனில் ராண்டால்ஃப் டர்பினிடம் தோற்பதற்கு முன் அவர் கணக்கு 128 வெற்றி, 1 தோல்வி, 2 டிரா. அந்த ஒரு தோல்வி ஜேக் லமோட்டாவிடம், 1943 பிப்ரவரி 5. அதே மாதம் 19-ம் தேதி வேறொருவரோடு மோதி வென்றார். 26-ம் தேதி மறுபடி லமோட்டா, அதிலும் வென்றார். மூன்று வாரத்தில் மூன்று சண்டை, அதில் இரண்டு தன்னை வீழ்த்தியவரோடு. இன்றைய சாம்பியன் ஆண்டுக்கு இரண்டு முறை ரிங்கில் ஏறினாலே அதிகம். லூயிஸ் 1940 டிசம்பர் தொடங்கி 1941 ஜூன் வரை ஏழு மாதத்தில் ஏழு முறை பட்டத்தைப் பணயம் வைத்தார்.

பூஜ்யத்தைக் காப்பாற்றுவது தொலைக்காட்சி ஒப்பந்த காலத்து வழக்கம். ஒரு தோல்வியில் சந்தை மதிப்பு சரிந்துவிடும் என்பதால் எதிராளியைப் பார்த்துப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். வாரக் கூலிக்குச் சண்டை போட்ட காலத்தில் தோல்வி என்பது வேலையின் ஒரு பகுதி.

இதை வைத்து இன்றைய ஆட்டக்காரர்களுக்கு அனுபவமே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. அனுபவம் இடம் மாறியிருக்கிறது. உசிக் 300-க்கும் மேற்பட்ட அமெச்சூர் சண்டைகளைக் கடந்து, 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கத்தோடு தொழில்முறைக்கு வந்தவர். அவருடைய நண்பர் வாசில் லோமாசென்கோ மூன்றாவது தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டம் வென்றார். முன்பு சின்ன ஊர்க் கொட்டகைகளில் கற்றதை இவர்கள் அமெச்சூர் மேடையில் கற்றிருக்கிறார்கள்.

எந்த வருடத்து அலி?

அலி 1980-ல் சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைச் சேர்ந்தவர்கள் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை நேரில் கண்டது 38 வயது அலியை. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கியதும் பயிற்சியாளர் சண்டையை நிறுத்தினார். 1966-ல் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸைச் சுற்றி வந்த 24 வயது அலி வேறு மனிதர். 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளை வாங்கிக் களைக்கவைத்து எட்டாவது ரவுண்டில் சாய்த்த அலி மூன்றாவது மனிதர். "அலி வெல்வாரா" என்று கேட்பவர் இந்த மூவரில் யாரைச் சொல்கிறார்?

அடுத்தடுத்த தலைமுறைகள் நேரில் மோதிய சண்டைகளும் நமக்கு உதவாமல் போவது இதனால்தான். மார்சியானோ 1951-ல் லூயிஸை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். அது மார்சியானோ பெரியவர் என்பதற்குச் சான்றாக இன்றும் காட்டப்படுகிறது. அன்று லூயிஸுக்கு 37 வயது. வரிக் கடனுக்காக ஆடிக்கொண்டிருந்தவர். அவரைச் சாய்த்த பின் மார்சியானோவே உடைமாற்றும் அறையில் அழுதார் என்பார்கள்.

கணினியிடம் கேட்டும் பார்த்தார்கள். 1967-ல் மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரி வொரோனர், பழைய சாம்பியன்களின் தகவல்களைக் கணினிக்குக் கொடுத்து வானொலிப் போட்டித் தொடர் நடத்தினார். அலி அதில் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டதும் வழக்குத் தொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1969-ல், ஓய்வுபெற்று 13 ஆண்டான மார்சியானோவும், போருக்குப் போக மறுத்ததால் தடை செய்யப்பட்டிருந்த அலியும் கேமரா முன்னால் மோதி நடித்தார்கள். பல முடிவுகள் படமாக்கப்பட்டன. எது இறுதி முடிவு என்று இருவருக்குமே தெரியாது. 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டியபோது மார்சியானோ வென்றார். நாக் அவுட், 13-வது ரவுண்டு. அதைப் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. முந்தைய ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துபோயிருந்தார்.

கணினி தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆட்டக்காரர்களின் தாங்கும் சக்தி, வேகம், குத்தின் வலு என மனிதர்கள் மதிப்பிட்டுக் கொடுத்த எண்களையே அது திருப்பிக் கொடுத்தது. இன்றைய வீடியோ கேம்களும் செய்வது அதையேதான்.

பட்டியலில் இடம்பெறாதவர்கள்

சாம்பியன்களை ஒப்பிடும்போது, சாம்பியனாக விடப்படாதவர்களையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

1915-ல் ஜான்சன் தோற்ற பிறகு 1937-ல் லூயிஸ் வரும் வரை 22 ஆண்டு எந்தக் கறுப்பருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்குச் சண்டை போட வாய்ப்பே தரப்படவில்லை. டெம்ப்சியின் காலம் முழுவதும் ஹாரி வில்ஸ் வரிசையில் காத்திருந்தார், சண்டை நடக்கவில்லை. சாம் லாங்ஃபோர்ட் லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரை எல்லோரோடும் மோதியவர். பட்டம் வென்ற பிறகு ஜான்சன்கூட அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. வேறு வழியில்லாமல் லாங்ஃபோர்டும் வில்ஸும் ஒருவரோடு ஒருவர் பத்து முறைக்கு மேல் மோதிக்கொண்டார்கள். 1944-ல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது, பார்வை இழந்த லாங்ஃபோர்ட் ஹார்லெமில் ஒரு சின்ன அறையில் வறுமையில் கிடந்தார். ஆர்ச்சி மூர் தொழில்முறைக்கு வந்தது 1935-ல். பட்டத்துக்கான வாய்ப்புக் கிடைத்தது 1952-ல்.

பிற்காலத்தில் தடை வேறு இடத்திலிருந்து வந்தது. கியூபா 1962-ல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்தது. 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கம் வென்ற தியோஃபிலோ ஸ்டீவன்சன் அலியோடு ரிங்கில் மோதவே இல்லை. சோவியத் ஆட்டக்காரர்களுக்கும் அதே கதை. உசிக், கிளிட்ச்கோ சகோதரர்கள் போன்றவர்கள் முப்பது ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் நாம் அவர்கள் பெயரையே அறிந்திருக்க மாட்டோம். இந்த ஒரு விஷயத்தில் இன்றைய சாம்பியன் பழையவரைவிடப் பெரிய உலகத்தை வென்றவர்.

அப்படியானால் எப்படி ஒப்பிடுவது?

கேள்வியைப் பிரித்துக்கொண்டால் விடை சொல்லலாம். என் விடைகள் இவை.

1. *தன் காலத்தை முழுதாக ஆண்டவர் யார்?* ஹெவிவெயிட்டில் லூயிஸ். 1937 ஜூன் முதல் 1949 மார்ச் வரை சாம்பியன், 25 பட்டத் தற்காப்பு. நிறத்தைப் பார்த்தோ திறமைக்கு அஞ்சியோ யாரையும் ஒதுக்கவில்லை. டெம்ப்சியின் ஆட்சியில் வில்ஸ் என்ற ஓட்டை இருக்கிறது, லூயிஸின் ஆட்சியில் அப்படி ஒன்று இல்லை.

2. *மிகக் கடினமான எதிராளிகளை வென்றவர் யார்?* அலி. லிஸ்டன், ஜோ ஃபிரேசியர், கென் நார்ட்டன், ஃபோர்மன் என்ற வரிசை வேறு எந்த ஹெவிவெயிட்டுக்கும் அமையவில்லை. தன்னைத் தோற்கடித்தவர்களிடமே திரும்பப் போய் வென்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

3. *எடையை மறந்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தால்?* ராபின்சன். பின்னால் நகர்ந்துகொண்டே ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கத் தெரிந்தவர். இதில் எனக்கு இரண்டாவது பெயரே தோன்றவில்லை.

4. *ரிங்கில் நேராக மோதினால்?* இதற்குத்தான் வருடம், எடை, விதி மூன்றையும் சொல்லியாக வேண்டும். நியாயமான ஒரு ஜோடியும் இருக்கிறது. 2018 ஜூலையில் மாஸ்கோவில் முராத் காசியேவை வென்று குரூசர்வெயிட் பட்டங்கள் நான்கையும் சேர்த்த உசிக், 90.7 கிலோவுக்குள். 1938 ஜூனில் மேக்ஸ் ஷ்மெலிங்கை 2 நிமிடம் 4 நொடியில் முடித்த லூயிஸ், 90 கிலோ. தராசு சமம்.

10 அவுன்ஸ் கையுறை, 12 ரவுண்டு என்றால் உசிக்குக்குப் பாயிண்டில் வெற்றி. இடது கை ஆட்டம், ஓயாத கால், கோணம் மாறி மாறி வரும் ஜாப் (முன்கை நேர்க்குத்து). காலால் நகர்பவர்கள் லூயிஸுக்கு எப்போதுமே தொல்லை என்பதைக் கானும் வால்காட்டும் காட்டியிருக்கிறார்கள். 6 அவுன்ஸ் கையுறை, 15 ரவுண்டு என்றால் லூயிஸ். உசிக் கடைசி ரவுண்டுகளில் சோர்கிறவர் அல்ல. ஃபியூரியை ஒன்பதாவது ரவுண்டில்தான் நிலைகுலைய வைத்தார். ஆகவே கூடுதல் மூன்று ரவுண்டு மட்டும் லூயிஸைக் காப்பாற்றாது. கையுறைதான் வித்தியாசம். காசியேவின் குத்துகளை உசிக் தூக்கிப் பிடித்த கையுறையில் வாங்கினார். 6 அவுன்ஸில் அந்தக் கேடயம் இல்லை. ஆறங்குல தூரத்திலிருந்து புறப்படும் லூயிஸின் வலது கைக்கு அந்த இடைவெளி ஒரு முறை கிடைத்தால் போதும். அது 13-வது ரவுண்டிலும் கிடைக்கலாம்.